துவரும் தோலும்

நூலகத்தில் நெடுங்காலம் எவரும் தொடாதிருந்த பழைய ஆங்கில நூலொன்றை எடுத்துப் புரட்டிவிட்டு மீண்டும் தட்டில் வைப்பவர், தம் கையை நோக்குவாராயின், விரல்களிற் செங்கற்பொடி போன்றதொன்று படிந்திருத்தலைக் காண்பர். வெள்ளுடுப்பிற் பட்டால் அஃது எளிதிற் போகாது. அதனைத் தட்டிற் படிந்த தூசியென்று கருதி நூலகப் பணியாளரைக் கடிந்துகொண்டவருள் யானும் ஒருவன். அது தூசியன்று; நூலின் முதுகைப் போர்த்த தோலே அவ்வாறு பொடியாகி உதிர்கின்றது. அச்சிட்ட தாள் செவ்வையாயிருக்கும். தைத்த இழை அறாதிருக்கும். இவற்றைக் காத்தற்கென மேலே போர்த்த தோலே முதலில் அழியும்.

இச்செம்பொடியின் வரலாறு தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலே தொடங்குகின்றது என்றாற் சிலர் வியப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் நூற்கட்டுநர் மலிவு நோக்கிப் பெரிதும் வாங்கிய தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலுமாம். அவை வணிகவுலகிற் ‘பேர்சியன்’ என்று பெயர்பெற்றிருந்தன. பாரசீகத்துக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆவாரம்பட்டையின் நீரில் ஊறிப் பதனாகி, இலண்டனிற் சாயமேறி, நூலின் மேலாடையாகி, மீண்டும் கடல் கடந்து நம் கீழைநாட்டு நூலகங்களுக்கு வந்தன. பாதணியின் உட்புறத்தில் வைத்துத் தைத்தவிடத்துக் குறைவின்றி உழைத்த அதே தோல், நிழலில் அசைவின்றி நிற்கும் நூலின் மேல் ஏன் பொடியாயிற்று? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவார், பதனிடுதல் என்பது யாது என்பதனை முதலில் அறிதல் வேண்டும்.

விலங்கின் உடம்பினின்றும் உரித்த தோல் வேறு; பதனிட்ட தோல் வேறு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள. தமிழில் இரண்டையும் தோலென்றே வழங்குவதால் மயக்கம் நேர்கின்றது. உரித்த பச்சைத்தோலை ஈரத்தோடு விட்டால் இரண்டொரு நாளில் அழுகும். உலர்த்தினால் அழுகாது; ஆயின் பலகைபோல் விறைக்கும்; நீர் பட்டதும் பழையபடி பச்சைத்தோலாகும். கொதிநீரில் இட்டால் சுருங்கிக் கரைந்து தச்சர் பயன்படுத்தும் வச்சிரமாகும். பதனிட்ட தோலோ நனைந்தாலும் அழுகாது, உலர்ந்தாலும் விறைக்காது.

நம் கோயில்களில் ஒலிக்கும் தவிலையும் இசையரங்குகளில் ஒலிக்கும் மிருதங்கத்தையும் எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். அவற்றிற் போர்த்தது பச்சைத்தோலேயாகும், மயிர் நீக்கி இழுத்துக் கட்டி உலர்த்தியது, பதனிட்டதன்று. விறைப்பே அதன் நாதத்துக்குக் காரணம். மழைக்காலத்தில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதும், அதனாற் சுருதி இறங்குவதும் அது பச்சைத்தோலாய் இருப்பதாலேயே. துவரூட்டிப் பதனிட்ட தோலை மிருதங்கத்திற் போர்த்தால் அது பையைத் தட்டியதுபோல் ஒலிக்குமேயன்றி நாதம் பயவாது.

துவரூட்டுதல் என்றோம். துவர் அறுசுவைகளுள் ஒன்று. பாக்கைத் தனியே மென்றாலும், பழுக்காத நாவற்காயைக் கடித்தாலும், நாவும் கன்னத்தின் உட்புறமும் யாரோ இழுத்துப் பிடித்தாற்போலத் தோன்றும். உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்களைத் துவர்ப்பொருள் பற்றித் திரளச் செய்வதே இதற்குக் காரணமாகும். விஞ்ஞானியர் இதனைத் தனின் என்பர். நாவிற் கணப்பொழுதில் நிகழும் இவ்வினையே பதனிடு குழியில் வாரக்கணக்காய் நிகழ்கின்றது. தமிழிலே துவர் என்னும் சொல்லுக்குச் சுவை என்னும் பொருளோடு செந்நிறம் என்னும் பொருளும் உண்டு. பௌத்த துறவியர் உடுத்த காவியைத் துவராடை என்றனர். நாம் கையிற் கண்ட செம்பொடிக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

இத்துவரை ஆய்வுசாலையில் அளந்து நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர் ஹம்பிறி டேவி. 1803இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த அவரது கட்டுரை, ஐரோப்பியர் பயன்படுத்திய ஓக்குப் பட்டையோடு பல தாவரங்களை ஒப்பிடுகின்றது. வெற்றிலையோடு நம்மவர் மெல்லும் காசுக்கட்டியில் ஓர் இறாத்தல், ஓக்குப் பட்டையில் ஏழெட்டு இறாத்தலுக்கு ஒப்பாகும் என்று அவர் கண்டார்.

துவர் தோலில் எதனைப் பற்றுகின்றது? தோலின் பெரும்பகுதி கொலாசன் எனும் நார்ப்புரதமாகும். அதன் கட்டமைப்பு நெடுங்காலம் புதிராயிருந்தது. மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுகிய தும்புக்கயிறு போன்றது அஃது என்பதனை 1954இல் உலகுக்குக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரனும் அவர்தம் மாணவர் கோபிநாத் கர்த்தாவுமாவர். அவ்வாய்வுக்கு வேண்டிய கொலாசனைத் தந்து உதவியது 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்திய தோலாராய்ச்சி நிலையம். பதனிடுதொழில் வேரூன்றிய நாட்டிலேயே தோலின் அடிப்படை அமைப்பும் வெளிப்பட்டது என்பது மகிழ்தற்குரியது.

இக்கயிறுகள் கற்றை கற்றையாய்ப் பின்னி, இடையிடையே நீரைத் தாங்கி நிற்பதே பச்சைத்தோல். துவர்மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஐதரொட்சில் என்னும் கைகள் பல உள. அது நார்களுக்கிடையிற் புகுந்து, நீரை வெளியேற்றி, தன் கைகளால் ஒரே வேளையிற் பல இழைகளை ஐதரசன் பிணைப்பினாற் பற்றிக்கொள்கின்றது. நீர் இருந்த இடத்தில் துவர் அமர்வதால் நுண்ணுயிர்க்கு உணவு கிட்டாது. உலரும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கவும் இயலாது. மாணவர் இதனை எளிதிற் சோதிக்கலாம். தோற்றுண்டொன்றை நீரிலிட்டு மெல்லச் சூடாக்கினால், பச்சைத்தோல் சதம அளவையில் 60 முதல் 65 பாகை வெப்பத்தில் திடீரெனச் சுருங்கும்; துவரூட்டிய தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகைவரை தாங்கும்.

இனிப் பதனிடுமாற்றைக் கூறுவாம். திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களிற் பெருகிய முறை இது. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து, உப்பும் குருதியும் போகக் கழுவுவர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இடுவர். சுண்ணாம்பு மயிர்க்காலைத் தளர்த்துவதோடு நார்க்கற்றைகளையும் ஊதிப் பருக்கச் செய்து, துவர் புகுதற்கு வழி திறக்கின்றது. சில நாள்களின் பின், வளைந்த மரத்தின் மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளி, மறுபுறத்துச் சவ்வைக் கூரிய கத்தியாற் சீவுவர். கத்தி சற்றே ஆழ்ந்தால் தோல் ஓட்டையாகும். ஆழாவிடிற் கொழுப்பு எஞ்சித் துவரைத் தடுக்கும். இந்த இடைவெளி மயிரிழை அளவினதே. அதனை அளக்கக் கருவி இருந்ததில்லை, கை அறிந்திருந்தது.

சுண்ணாம்பைத் தோலினின்றும் நீக்குதல் அடுத்த பணி. எஞ்சிய சுண்ணாம்பு துவரோடு கூடினாற் கறுத்த கறையாகும். நீரிற் பலகாற் கழுவுதலும், புளித்த தவிட்டு நீரில் இடுதலும் வழக்கம். மெல்லிய தோலை மேலும் இளக்குதற்கு ஐரோப்பியர் நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் பயன்படுத்தினர் என்பது படிப்போர் முகஞ்சுளிக்கும் செய்தியாயினும் உண்மையே. அவற்றிலுள்ள நொதியங்களே அவ்வேலையைச் செய்தன என்பதனை உணர்ந்து, விலங்கின் கணையத்தினின்றும் நொதியம் எடுத்து விற்கும் தொழிலை 1907இல் ஒட்டோ றோம் என்னும் யேர்மனியர் தொடங்கியபின்பே அவ்வழக்கம் மெல்ல ஒழிந்தது.

பின்னரே ஆவாரம்பட்டைக் குழி. ஆவிரை நம் நாட்டு வறண்ட நிலங்களிலும் மஞ்சட்பூ மலர்ந்து நிற்பது; இலங்கையில் அதன் பூவையும் இலையையும் உலர்த்திக் குடிநீராக்கி அருந்துவர். சங்ககாலத்துத் தலைவன் மடலேறத் துணிந்தபோது சூடிய பூவும் அதுவே. பதனிடுவோனுக்குப் பூவினால் ஆவது ஒன்றுமில்லை, பட்டையே வேண்டும். அதன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு துவராகும்.

இக்குழியிலே தொழிலின் உயிர்நிலை இருக்கின்றது. துவர் மிகுந்த புதுநீரில் தோலை நேரே இடுபவன் கெட்டான். மேற்புறம் உடனே துவரைப் பற்றி இறுகி அடைத்துக்கொள்ளும். உள்ளே துவர் செல்லாது. வெளியிற் பதனானதுபோற் காட்டி நடுவிற் பச்சையாகவே நிற்கும் அத்தோல் பின்னர் வெடிக்கும். ஆதலின் முன்னர்ப் பலமுறை பயன்பட்டு வலியிழந்த பழநீரிலேயே தோல் முதலில் இறங்கும். நாள்தோறும் பலமுறை கையாற் புரட்டப்பெற்று, படிப்படியாய் வலிமை கூடிய நீருக்கு மாறி, இறுதியிலேதான் புதுப்பட்டையைக் காணும். ஆட்டுத்தோலுக்கு இது சில வாரங்கள்; மாட்டுத்தோலுக்கு அதனினும் மிகுதி; ஐரோப்பாவிற் பாதணியின் அடித்தோலுக்கு ஓக்குக் குழியில் ஓராண்டுக்கு மேலும் சென்றது. பதன் முற்றிற்றா என்பதனை அறிய, தோலின் தடித்தவிடத்து ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்ப்பர். வெட்டுவாய் முழுதும் ஒரே நிறமாயின் முற்றிற்று. நடுவில் வெள்ளைக் கோடொன்று தெரிந்தால் மீண்டும் குழிக்குச் செல்லும்.

இறுதியிற் கடுக்காய்நீர். திரிபலையுள் ஒன்றாகிய கடுக்காயில் துவர் நூற்றுக்கு முப்பதுக்கும் மேலாகும். ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயிற் பட்டாற் சிவக்கும். இரண்டொரு நாள் கடுக்காய்நீரில் இட்டெடுத்தால் இளமஞ்சள் நிறம் பெற்றுச் சிவத்தல் குறையும். இரசாயனம் கல்லாத தொழிலாளர் இதனைப் பட்டறிவாற் கண்டனர். இரும்பு மட்டும் இக்குழியை அணுகலாகாது. துருவேறிய ஆணி ஒன்று பட்டாலும் கருநீலக் கறை படிந்து தோல் தரமிழக்கும். அக்கறையையே வேண்டி விரும்பிச் செய்தால் அது மையாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் காய்ச்சிய எழுதுமை இதுவே. பின்னர் ஈரத்தோலின் மேற் புங்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி நிழலில் உலர்த்துவர். நீர் ஆவியாக ஆக, எண்ணெய் அவ்விடத்துள் ஊர்ந்து நாரை மெழுகும்.

செம்மறித்தோல் பற்றி ஒன்று கூறல் வேண்டும். குளிர்நாட்டுச் செம்மறியின் அடர்ந்த கம்பளிக்கு வேர்கள் மிகுதியாதலின், தோலின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையிற் கொழுப்புப் படலம் ஒன்று நிற்கும். அவ்விடத்தில் தோல் இரண்டாய்ப் பிரிய வல்லது. தென்னாட்டுச் செம்மறி கம்பளியின்றி மயிரே உடையதாதலின் அதன் தோல் நெருக்கமுடையது. வெள்ளாட்டுத் தோலை ஒட்டி நிற்பது. மேலைநாட்டார் அதனை விரும்பியதற்கு மலிவு மட்டும் காரணமன்று.

இத்துணையும் செய்தவர் யாவர்? பதனிடுசாலை உரிமையாளர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர். குழியில் இறங்கி நின்றவர் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட குலத்தினர். சிற்றூர்களில் தோலைப் பைபோலத் தைத்து, உள்ளே பட்டையும் நீரும் நிரப்பித் தொங்கவிட்டுப் பதனிட்டு, கவலையிறைக்கும் சாலுக்குத் தோற்குழாய் செய்து கொடுத்தவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் துலாவும் பனையோலைப் பட்டையும் கொண்டு இறைத்தமையால் நம் தோட்டங்களுக்கு அத்தோல் வேண்டியிருக்கவில்லை. கொங்குநாட்டு வயலோ அதனாலேயே நீர் பெற்றது. குழியின் வீச்சத்தைக் காரணங்காட்டி அவரை ஊருக்குப் புறம்பே இருத்தினர். அவர் கை பட்ட நீர் தீட்டென்றவர், அவர் கை பட்ட தோலாற் போர்த்த நூலை மடியில் வைத்துப் படிக்கும்போது அவ்வாறு கருதியதில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். நூற்கட்டுத் தோல் விரைந்தழிவதைக் கண்டு கவன்ற இலண்டன் கலைச் சங்கம் 1900இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு பழைய நூல்கள் பலவற்றை ஆராய்ந்து 1901இல் அறிக்கை வெளியிட்டது. பழங்காலக் கட்டுத்தோல் உறுதியாயிருக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோலே கெட்டது என்றும், சிசிலித் தீவின் சுமாக்கு இலையாற் பதனிட்டது நெடிது நிற்க, இந்தியாவிலிருந்து வந்த ‘பேர்சியன்’ தோல் மிக விரைவில் அழிகின்றது என்றும் அக்குழு கூறிற்று.

தனின்கள் இருவகைய. நீரும் அமிலமும் சேரச் சிறுகூறுகளாய்ப் பகுபடுவன ஒருவகை. சுமாக்கும் கடுக்காயும் இவ்வகையின. பகுபடாது மேன்மேலும் ஒன்றோடொன்று திரள்வன மற்றொரு வகை, ஆவிரை இவ்வகையினது. திரள்வகைத் துவர் ஒளியிலும் காற்றிலும் சிவக்கும். அன்றியும், நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கின் ஆவியிலும் உள்ள கந்தகவீரொட்சைட்டை அதனாற் பதனிட்ட தோல் உறிஞ்சிக்கொள்ளும். அது தோலுக்குள்ளேயே கந்தகவமிலமாகி, கொலாசன் கயிற்றைத் துண்டு துண்டாய் அறுக்கும். கயிறு அற்றபின் எஞ்சுவது துவரின் செந்நிறம் தோய்ந்த பொடி. நம் விரலிற் படிவது அதுவே.

ஆயின் குற்றம் முழுதையும் திண்டுக்கல் குழியின் மேற் சுமத்தல் நேரிதன்று என்பது என் கருத்து. அதே அறிக்கை, சாயம் ஒளிபெற வேண்டிச் சாயத்தொட்டியிற் கந்தகவமிலத்தைக் கூட்டிய மேலைநாட்டு வழக்கத்தையும் கண்டித்தது. தோலை மெல்லிதாய்ச் சீவி வலியிழக்கச் செய்ததும் அங்கே. எரிவாயு விளக்குகளுக்கு அணித்தாய் உயரத் தட்டுகளில் அடுக்கியதும் அங்கே. பாதணிக்கும் சேணத்துக்கும் தகுந்த பொருளை, புகைசூழ்ந்த நகரில் நூறாண்டு நிற்குமென்று எண்ணி நூலுக்குப் போர்த்தவரே பெரிதும் பிழைத்தார். முதலாம் உலகப் போரின்போது படைவீரர் பாதணிக்கு இத்தோலே வேண்டுமென்று பிரித்தானிய அரசு 1916 முதல் சென்னை மாட்டுத்தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டிற் கொண்டுவந்ததை நோக்க, உரியவிடத்தில் அதன் மதிப்பு புலப்படும்.

பின்னர் ஆவாரம்பட்டை தேவைக்குப் போதாதாயிற்று. தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்திறங்கிற்று. அதனினும் பெரிய மாற்றம் குரோமியத்தால் விளைந்தது. 1858இல் யேர்மனியரான நப் என்பார் ஆராய்ந்து, 1884இல் சூல்ற்சு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற அம்முறையை, 1903இல் அல்பிரட் சற்றட்டன் சென்னையிற் சோதித்தார். கவலைத் தோல் நீரில் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கங்களுள் ஒன்று. வாரக்கணக்கில் நடந்தது நாட்கணக்கில் முடிந்தது. தோல் கொதிநீரையும் தாங்கிற்று. 1970களில் இந்திய அரசு அரைப்பதன் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் பட்டைக்குழிகள் பெரும்பாலும் குரோமிய உருளைகளுக்கு இடம்விட்டன.

விளைவு பாலாற்றங்கரையில் தெரிந்தது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நலச்சங்கம் தொடுத்த வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டிற்று. இதனைக் கண்டு, பட்டையாற் பதனிடுதல் இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்று இந்நாளிற் பலர் எழுதுகின்றனர். அது பாதி உண்மையே. குரோமியம் தவிரும், உப்பும், சுண்ணாம்பும், மயிர் களையச் சேர்க்கும் சல்பைட்டும் இரு முறைகளுக்கும் பொது. கிணற்றை உவராக்கியதில் தோலைக் காக்க இட்ட உப்புக்குப் பெரும்பங்குண்டு. பட்டையின் துவர்நீரும் எளிதிற் சிதையாது. குளத்திற் கலந்தால் நீரின் ஒட்சிசனைக் குடித்து மீனைக் கொல்லும். இன்றும் தமிழ்நாட்டிற் சிலவிடங்களில் இப்பழைய முறை நிலவுகின்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கும் கழிவுநீரைத் தூய்மை செய்தே விடுதல் வேண்டும்.

நம் நூலகத்துச் செந்நிற நூல்களை என் செய்வது? தேங்காயெண்ணெய் பூசினாற் சீராகும் என்பார் உளர். அறுந்த நாரை எண்ணெய் ஒட்டுவதில்லை. தாளிலும் ஊறிக் கறைப்படுத்தும். ஐதரொட்சிபுரொப்பயில்செலுலோசு என்னும் பொருளை மதுசாரத்திற் கரைத்து மென்றூரிகையாற் பூசினாற் பொடி பிணைந்து உதிர்தல் நிற்கும், தோல் மீளாது. அதற்கு வாய்ப்பில்லாவிடத்து, அமிலமற்ற தாளால் நூலைச் சுற்றி, அயல்நூலிற் படாதவாறு, வெயில் விழாத தட்டில் வைத்தல் போதும். முதுகைப் பிடித்து இழுக்காமல், இருபக்க நூல்களையும் சற்றே உள்ளே தள்ளிவிட்டு நடுவிற் பற்றி எடுத்தல் வேண்டும். அன்றைக்கு வெள்ளை உடுத்து வாராதிருத்தலும் நன்று.